இணைச்சீர்க் கூடையும் ஒரு மாத்திரையும்

என் அக்காவின் வலிப்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னவன் நான். அவள் மறந்துவிட்டாள் என்றே சொந்தபந்தமெல்லாம் நம்புகிறது... நீங்களாவது உண்மையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் சோமனூர்ப் பக்கம் கேலியைக்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். "பூங்கொடி, எந்தக் கடை அரிசிங்க? எங்களுக்கும் ஒரு மூட்டை சொல்லி உடுங்க" என்பார்கள், அக்காவின் பருத்த உடம்பைப் பார்த்து. அக்காவும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்த மாத்திரை பசியைக் கிளப்பும், உடம்பு போடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சிரமமாக இருந்தால் வந்து சொல்லுங்கள், மாற்றிப் பார்க்கலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றும் சொன்னார். கூடப் போயிருந்தவன் நான்!

என் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள்தான் இணைச்சீர் செய்ய வேண்டும். பட்டுடுத்தி, சீர்க்கூடையோடு, மணப்பெண் மாதிரி சபை நடுவே நிற்பாள். போட்டோவில் அக்கா எப்படித் தெரிவாளோ என்று எனக்கு ஒரே பரபரப்பு.

"முகூர்த்தம் வரைக்கும் மாத்திரையை நிறுத்திப்போடுங்கக்கா. ஒண்ணும் ஆகாது."

"ஆகாதா கண்ணு?"

"நான் இருக்கறனுங்கக்கா."

நிறுத்தினாள். உடம்பு வடிந்தது. தைத்து வைத்த ரவிக்கை தொளதொளத்துப் போய், மறுபடி பிடித்துத் தைக்கக் கொடுத்தபோது எங்கள் இருவருக்கும் தலைகால் புரியவில்லை. அதைப் போய் வெற்றி என்று கொண்டாடினேனே!

இணைச்சீர் அன்று, கூடையோடு நின்றவள் கைகால் இழுத்து விழுந்தாள். நெற்றி பிளந்தது. சித்தப்பா மகள் கூடையை வாங்கிக்கொண்டாள். சீர் நிற்கவில்லை.

கண் விழித்த அக்கா, "கல்யாண அவசரத்துல மாத்திரையை மறந்துபோட்டேனுங்க" என்றாள். என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். நான் வாய் திறந்தேனா? மாலையோடு நின்றுகொண்டிருந்தேன்...

இப்போது ஒழுங்காக மாத்திரை போடுகிறாள். வலிப்பு இல்லை. உடம்பு திரும்பிவிட்டது. கேலியும் திரும்பிவிட்டது.

நாளை என் மகளுக்குக் காதுகுத்து. வரிசைத் தட்டெடுத்து முன்னால் நடக்க வேண்டியவள் அத்தை. "அவங்க கையில குடுக்க வேண்டாமுங்க. மறுபடி மறந்து விழுந்துபோட்டா?" என்றாள் என் மனைவி. அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். "செரி" என்றேன்.

சற்றுமுன் அக்கா போன் செய்தாள். குரலில் அத்தனை உற்சாகம். "தட்டெடுக்க இணைச்சீருக்குக் கட்டுன அந்தப் பச்சைப் பட்டையே கட்டிக்கட்டுமா கண்ணு? ரவிக்கையைப் பிரிச்சு உட்டு வெச்சுட்டேன்."

"கட்டிக்குங்கக்கா" என்றேன்.