அம்மா கேட்ட இரண்டாவது பிளேட்

எங்கள் வீட்டில் எந்தத் தின்பண்டம் வந்தாலும் அதில் அம்மாவின் பங்கும் எனக்குத்தான். "எனக்கு வயிறு ஒரு மாதிரியா இருக்குடி, நீயே தின்னு" என்பாள். வருஷம் முழுக்க ஒருத்திக்கு எப்படி வயிறு அப்படியே இருக்கும் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் நஷ்டம் எனக்குத்தானே.

கல்யாணத்தோடு நின்றுபோன பட்டப்படிப்பை அம்மா தபால் வழியில் தொடர்ந்துகொண்டிருந்தாள். ஆங்கிலத் தாள் மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. "இந்தத் தடவையும் போச்சுன்னா மூட்டை கட்டி வச்சிரு" என்று அப்பா சொல்லிவிட்டார். மூன்றாவது முறை எழுத நாகமலை புதுக்கோட்டைக்குப் போனபோது எனக்கு எட்டு வயது. எங்கள் ஊர் சோழவந்தானிலிருந்து பஸ் பிடித்துப் போய், அவள் பரீட்சைக் கூடத்துக்குள் எழுத, நானும் அப்பாவும் வாசலில் மூன்று மணி நேரம் காய்ந்தோம்.

அம்மா வெளியே வந்ததும், "எப்படி எழுதுன?" என்றார் அப்பா.

"எழுதியிருக்கேன்."

அந்த ஒற்றைச் சொல்லோடு நடக்கத் தொடங்கினாள். போச்சு என்றே அப்பா எடுத்துக்கொண்டார். பாவம், ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷன். எதிரே நின்ற பானிபூரி வண்டிக்கு எங்களைக் கூட்டிப்போனார்.

மூன்று பேருமே அதுவரை அதைத் தின்றதில்லை. ஆளுக்கொரு கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, வண்டிக்காரர் பூரியைக் கட்டைவிரலால் உடைத்து, உருளைக்கிழங்கு அடைத்து, புதினாத் தண்ணீரில் முக்கி, பந்தி பரிமாறுவதுபோல் வரிசையாக ஒவ்வொன்றாய் வைத்தார். வாயில் போட்டதும் புளிப்பும் காரமும் மூக்கு வரை ஏறின. அடேயப்பா, இம்புட்டு ருசியை இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள் என்றிருந்தது. அம்மா வழக்கம்போலத் தன்னுடையதை எனக்காக ஏந்திக்கொண்டு நின்றாள். என் வாய் காலியாவதற்குள் அது ஊறி, உடைந்து, சேலையெல்லாம் பச்சைத் தண்ணீர்.

"அக்கா, இதெல்லாம் எடுத்து வைக்க முடியாது. வச்ச ஒடனே வாயில போட்றணும்" என்றார் வண்டிக்காரர், அடுத்ததை வைத்தபடி.

அம்மா போட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கடுத்ததற்குத் தானே கிண்ணத்தை நீட்டினாள். இப்போது கொடுப்பாள், இப்போது கொடுப்பாள் என்று நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருக்க, எல்லாம் தீர்ந்தது.

"அண்ணே, எனக்கு இன்னொரு பிளேட் வைங்க" என்றாள் அம்மா.

எனக்குப் பகீரென்றது. "ஒனக்குத்தான் வயிறு சரியில்லைல?" என்று ஞாபகப்படுத்தினேன்.

"இன்னைக்கு நல்லாயிருக்குடி."

திரும்பும்போது பஸ்ஸில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். அம்மாவுக்கு என்மேல் பாசம் விட்டுப்போயிற்று என்று முடிவு கட்டி, கொஞ்ச தூரம் அழவும் செய்தேன். அப்பா ஊர் வந்து சேரும்வரை, "பரவால்ல, விடு" என்று அவளைத் தேற்றிக்கொண்டே வந்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரிசல்ட் வர மூன்று மாதம் ஆனது. அம்மா தேறியிருந்தாள். அப்பா தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார், நானும் குதித்தேன். பரீட்சை முடிந்த அன்றைக்கே, அந்த பானிபூரி வண்டி முன்னால் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று, அவள் அதைக் கொண்டாடி முடித்துவிட்டாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.