இரண்டு கையும் மாட்டிக்கொண்டால்

புனிதா அக்காவுக்குப் பயம் வந்தால் பேச்சு நின்றுவிடும். கழுவிய தம்ளரையே மறுபடியும் கழுவுவார். போன ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, "பசியாறிட்டுக் கிளம்பலாமாக்கா?" என்று நான் கேட்டபோது அதே தம்ளரை மூன்றாவது தடவையாகக் கழுவிக்கொண்டிருந்தார்.

அன்று நாங்கள் கிள்ளான் டவுனுக்கு பெஞ்ச் டிரில் பார்க்கப் போவதாக இருந்தது. மேசைமேலோ தரையிலோ நிறுத்தி வைத்து, கைப்பிடியை இழுத்தால் மேலிருந்து நேராக இறங்கித் துளை போடும் மெஷின். அது இல்லாமல் அக்காவின் தொழில் இனி நகராது. ஆனால் அதன் முன்னால் தனியாக நிற்கத் தன்னால் முடியுமா என்பது அவருக்கே தெரியவில்லை.

மலேசியா வந்ததிலிருந்து இரண்டு வருடமாக நான் அவர் வீட்டுப் பின்னறையில் குடியிருக்கிறேன். சொந்த ஊர் அறந்தாங்கி பக்கம். எங்கள் வம்சத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவன் நான்தான், மெக்கானிக்கல். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை, தினமும் கொமுட்டர் ரயில். அக்காவின் கணவர் லோகன் அண்ணன் லோரி ஓட்டுகிறார். விடிவதற்கு முன்னால் கிளம்பினால் வீடு திரும்ப இரண்டு நாள்கூட ஆகும். மகள் மலர்விழி ஈப்போவில் தங்கிப் படிக்கிறாள். ஆக, பகல் முழுக்க அந்த வீட்டில் அக்கா ஒருவர்தான்.

புனிதா அக்கா மேருவில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். நாற்காலிக் கால்களில் துளை போடும் வரிசை. ஒரு நாளைக்கு எத்தனை கால் என்று கேட்டால், "ஒரு நாளைக்கு எத்தன தடவ மூச்சு விடுறேன்னு யாரு எண்ணுவா?" என்பார். பதினோராவது வருடம் அந்த வரிசையில் எல்லோருக்கும் கையுறை கொடுத்தார்கள். மரச்சிலாம்பு குத்துகிறது என்று பெண்கள் சொன்னதால் நல்ல எண்ணத்தில் கொடுத்ததுதான். சுழலும் மெஷினுக்குக் கையுறை ஆகாது என்பது கொடுத்தவர்களுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் அக்காவின் இடது கையுறையின் நூல் ஒன்று டிரில்லில் சிக்கியது. நூல் துணியை இழுத்தது, துணி விரலை இழுத்தது. வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு அவர் கத்தினார். எதிர் மெஷினில் நின்ற கண்ணம்மா பாய்ந்து வந்து மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தார்.

கை தப்பியது. மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் இன்றுவரை மடங்காது. தேநீர் தம்ளரைப் பிடிக்கும்போது அந்த இரண்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும்.

மூன்று மாதம் கழித்து அதே மெஷினுக்குத் திரும்பப் போய், இன்னும் எட்டு வருடம் நின்றார். எப்படிக்கா முடிந்தது என்று ஒருமுறை கேட்டேன். "எதிர்ல கண்ணம்மா இருந்தா. அவ்ளோதான்" என்றார். பிறகு தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கண்ணம்மா மகனோடு ஜொகூருக்குப் போய்விட்டார்.

அக்கா வீட்டில் முறுக்குக் கட்டை செய்ய ஆரம்பித்தார். பலா மரத்தில் கீழ்க்கட்டையைக் குடைந்து, அதற்குள் இறங்கும்படி மேல்கட்டையைச் சீவ வேண்டும். மாவை உள்ளே போட்டு மேலே அழுத்தினால் அடியில் முறுக்கு வரும். குடைவது கை டிரில்லால். கை டிரில் எவ்வளவு பிடித்தாலும் கொஞ்சம் சாய்ந்துவிடும். சாய்ந்த துளையில் மேல்கட்டை பாதி வழியில் நின்றுவிடும். பிரிக்ஃபீல்ட்ஸில் பலகாரக் கடை வைத்திருக்கும் சீதாலெட்சுமி அம்மா தீபாவளிக்கு நாற்பது கட்டை கேட்டிருந்தார். முதலில் அனுப்பியதில் மூன்று திரும்பி வந்தன. கூடவே ஒரு குரல் செய்தி: "புனிதா, இத அமுக்கிறதுக்கு என் வீட்டுக்காரர் மேல ஏறி நிக்கணும் போல. நேரா போட்டு அனுப்பு, இல்லனா வேணாம் லா."

அதை அக்கா எனக்குப் போட்டுக் காட்டிவிட்டு, "தம்பி, நீ எஞ்சினியர்தானே. எனக்கு ஒரு மெஷின் பாத்து சொல்லு" என்றார்.

நான் ஒரு வாரம் உட்கார்ந்து அட்டவணை போட்டேன். ஐந்து மெஷின்கள். மோட்டார் பலம், வேகங்கள், எவ்வளவு ஆழம் இறங்கும், தூணுக்கும் டிரில்லுக்கும் இடைவெளி எவ்வளவு, சுழலும்போது நுனி எவ்வளவு ஆடும், எல்லாம் கட்டம் கட்டமாக. அக்கா அதை மூக்குக் கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார். படித்து முடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ரெண்டு கையும் மாட்டிக்கிட்டா எதால நிறுத்துறது?"

என் அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை. "அப்படியெல்லாம் மாட்டாதுக்கா" என்றேன். அவர் எழுந்து போய்த் தம்ளர் கழுவ ஆரம்பித்தார்.

ஜாபர் அலி அண்ணனின் கடை கிள்ளான் பெரிய சாலையை ஒட்டி, லோரிகள் உறுமிக்கொண்டு போகும் இடத்தில் இருக்கிறது. முன்னால் கண்ணாடிக் கதவு, உள்ளே ஏர்கோன். மர வேலை மெஷின்கள் எல்லாம் வரிசையாக நிற்கும். வாங்குவதற்கு முன்னால் ஓட்டிப் பார்க்க விடுவார்.

நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது தரையில் நிற்கும் பச்சை மெஷின், என் தோளுயரம். அதன் பக்கத்தில் மேசைமேல் ஒரு சின்ன மெஷின் இருந்தது. அதை நான் அட்டவணையிலேயே சேர்க்கவில்லை.

"நல்ல செலக்‌ஷன் பாஸ்" என்றார் ஜாபர் அலி அண்ணன். "தங்கச்சி, இதுல நீ யானைக்கே ஓட்ட போடலாம்."

"யானை வேணாம் அண்ணே. முறுக்குக் கட்டைதான்" என்றார் அக்கா. சிரிக்க முயன்றார், வரவில்லை. வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். கொண்டையை இன்னும் இறுக்கிக்கொண்டார். முந்தானை சிக்கக் கூடாதென்று பாவாடை சட்டை போட்டுத்தான் வந்திருந்தார். சட்டைக் கை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தது. "தம்பி, பக்கத்துலயே நில்லு. எங்கயும் போயிராத" என்றார். நான் மெஷினுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றேன்.

ஜாபர் அலி அண்ணன் ஒரு மரத்துண்டைப் பிடிப்பானில் வைத்துத் திருகி முடுக்கினார். சரியாக முடுக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. பெரிய துளைக்கான டிரில்லை மாட்டி சுவிட்சைத் தட்டிவிட்டு, பில் புத்தகம் எடுக்க மேசைப் பக்கம் போனார். அக்கா இடது கையைப் பிடிப்பான்மேல் வைத்து, வலது கையால் கைப்பிடியை இழுத்தார். டிரில் மரத்தில் இறங்கியது. சுருள் சுருளாகத் தூள் வந்தது. நான் ஒரு நிமிடம் பெருமைப்பட்டேன்.

அப்போது மரம் துள்ளியது. டிரில் அதைக் கவ்விக்கொண்டு திருப்பியது. அக்காவின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன்.

"அடை தம்பி. அடை, அடை."

நான் பாய்ந்தேன். பாய்ந்து போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினேன்.

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. இங்கே விளக்கை அடை என்பார்கள், காத்தாடியை அடை என்பார்கள், அடுப்பை அடை என்பார்கள். எல்லாவற்றுக்கும் நிறுத்து என்றுதான் பொருள். இரண்டு வருடமாக நானே அப்படித்தான் பேசுகிறேன். ஆனால் அந்த நொடியில் கேட்டது அறந்தாங்கிக் காது. அங்கே அடைப்பது கதவை மட்டும்தான்.

ஜாபர் அலி அண்ணன் ஓடிவந்து சுவிட்சை அடித்தார். அதற்குள் மரத்துண்டு பிடிப்பானிலிருந்து பிய்த்துக்கொண்டு மெஷினின் தூணில் மோதித் தரையில் விழுந்திருந்தது. அக்கா கையை முன்பே விலக்கிவிட்டிருந்தார். கீறல்கூட இல்லை. பக்கத்திலிருந்த பெயின்ட் டின்மேல் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கையிலிருந்த வளையல்கள் சத்தம் போட்டன. 

"ஏன் பாஸ், ஏர்கோன் காத்து வெளிய போயிரும்னா கதவ சாத்துன?" என்றார் ஜாபர் அலி அண்ணன். அவர் குரலும் சரியாக இல்லை.

"மன்னிச்சுருங்கக்கா" என்றேன்.

 "உன்மேல தப்பு இல்ல" என்றார் அக்கா. "கண்ணம்மாவுக்கு நான் கத்தவே வேணாம், மூஞ்சியப் பாத்தே வந்துருவா. இனிமே அந்த மாதிரி யாரும் கிடைக்க மாட்டாங்க. இன்னொருத்தர் காத நம்பி நான் கைய வெக்கக் கூடாது."

வீட்டுக்குப் போகலாம் என்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து நின்று, "அண்ணே, மரம் இல்லாம சும்மா ஓட்டுங்க. ஓட்டிட்டு அடைங்க" என்றார். பச்சை மெஷின் ஓடியது. அவர் சுவிட்சை அடைத்ததும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார். மோட்டார் நின்ற பிறகும் டிரில் தன் போக்கில் சுழன்றுகொண்டே இருந்தது. ஆறு எண்ணும்போதுதான் நின்றது. "இப்ப அந்தச் சின்னது." சின்ன மெஷின் இரண்டில் நின்றது.

"இத எடுத்துக்கிறேன்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, அதுல மோட்டார் பலம் பாதிகூட இல்ல. பெரிய டிரில் மாட்டினா திணறும். ஆழமும் பத்தாது. ஒரு துளைய ரெண்டு தடவையா போடணும்."

"திணறட்டும். என் விரலப் பிடிச்சாலும் திணறும்ல." மோட்டாரிலிருந்து டிரில்லுக்குப் போகும் பெல்ட்டைக் காட்டி ஜாபர் அலி அண்ணனிடம், "பெல்ட்ட கொஞ்சம் லூசா போட்டா வழுக்குமா அண்ணே?" என்றார்.

"வழுக்கும்மா. எல்லாரும் வழுக்கக் கூடாதுன்னுதான் கேப்பாங்க."

"எனக்கு வழுக்கணும். காலால நிறுத்துற மாதிரி ஏதாச்சும் இருக்கா?"

அவர் மாடியிலிருந்து தூசு படிந்த ஒரு கால் சுவிட்சைக் கொண்டுவந்தார். மிதித்திருக்கும்வரைதான் மெஷின் ஓடும், காலை எடுத்தால் கரண்ட் நின்றுவிடும்.

"பயத்துல இன்னும் அழுத்தி மிதிச்சிட்டா?" என்று கேட்டேன். நிஜமாகவே அந்தப் பயம் எனக்கு இருந்தது.

"பயந்தா நான் பின்னாலதான் தம்பி போவேன். முன்னாலயா போவேன்?" என்றார்.

செவ்வாய்க்கிழமை மெஷின் வந்தது. லோகன் அண்ணன் வீட்டுப் பக்கவாட்டுக் கொட்டகையில் அதை மேசையோடு போல்ட் போட்டு முடுக்கிவிட்டு மறுநாள் லோரியோடு போய்விட்டார். அக்கா அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார். புதன், வியாழன், வெள்ளி, அந்தத் துணி அப்படியே இருந்தது. வேலையில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவர் ஓட்டாமல் விட்டுவிடுவாரோ என்று பயந்தேன். ஓட்டிவிடுவாரோ என்று அதைவிட அதிகமாகப் பயந்தேன். கைப்பேசி அடிக்கும்போதெல்லாம் அக்கா பெயரா என்று முதலில் பார்த்தேன்.

சனிக்கிழமை மதியம் நான் வீட்டில் இருந்தேன். கொட்டகையில் சத்தம் கேட்டு ஓடினேன். துணியை எடுத்துவிட்டு அக்கா மெஷின் முன்னால் நின்றார், ஒரு கால் சுவிட்சின்மேல். கையில் ஒரு நீளக் கழி. கழியின் நுனியில் லோகன் அண்ணனின் கிழிந்த கைலியிலிருந்து ஒரு துண்டைக் கட்டியிருந்தார்.

"என்னக்கா பண்றீங்க?"

"தள்ளி நில்லு."

மிதித்தார். டிரில் சுழன்றது. கழியை நீட்டிக் கைலித் துண்டை டிரில்லில் பட வைத்தார். அது பட்டென்று கவ்வியது. கழி அவர் கையில் முறுக்கிக்கொண்டது. அவர் பின்னால் ஓரடி வைத்தார். மெஷின் நின்றது.

 அக்கா கிட்டப் போய்க் குனிந்து, டிரில்லில் துணி எத்தனை சுற்றுச் சுற்றியிருக்கிறது என்று பார்த்தார். சுற்றியிருந்த அளவைத் தன் இடது கை விரல்களோடு ஒப்பிட்டு அளந்தார். பிறகு துணியை அவிழ்த்துவிட்டு மறுபடி மிதித்தார். இப்படி ஏழு தடவை செய்தார். ஏழு தடவையும் அளந்தார். என்னால் பார்க்க முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"ஒரு விரல் போகும்" என்றார் கடைசியில், சந்தையில் மீன் எடை சொல்வதுபோல. "ரொம்ப மோசமா போனா ரெண்டு. கை போகாது."

"ஒண்ணும் போகக் கூடாதுக்கா."

"போகக் கூடாதுதான். ஆனா தனியா நிக்கிறவ எவ்ளோ போகும்னு தெரிஞ்சுதானே நிக்கணும்."

பலாக்கட்டை ஒன்றைப் பிடிப்பானில் வைத்து, இரண்டு தடவை முடுக்கி, மூன்றாவது தடவை ஆட்டிப் பார்த்தார். நெற்றியில் வேர்வை. மடங்காத இரண்டு விரலும் பிடிப்பானின் ஓரத்தில் நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். காலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். டிரில் மரத்தைத் தொட்டதும் மெஷின் திணறியது, பெல்ட் ஒருமுறை வழுக்கிக் கீச்சென்றது, பிறகு மெதுவாக இறங்கியது. பாதி ஆழத்தில் நிறுத்தி, மேசையை உயர்த்தி, மீதியைப் போட்டார். மேல்கட்டையை எடுத்துத் துளையில் வைத்து விட்டார். அது எங்கேயும் நிற்காமல், காற்றைத் தள்ளிக்கொண்டு, தானாகவே அடிவரை இறங்கியது.

நான் கைதட்டப் போனேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த கட்டையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"நீ போய் சாப்பிடு தம்பி" என்றார். "நீ அங்க நின்னு நடுங்குறது எனக்கும் ஒட்டிக்குது."

அடுப்படிக்குப் போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கொட்டகையில் மெஷின் ஓடியது, நின்றது, ஓடியது, நின்றது. நின்ற ஒவ்வொரு முறையும், கட்டை மாற்றத்தான் நிறுத்தினாரா என்று தெரியாமல், அது அடுத்து ஓடும்வரை என்னால் ஒரு வாய் சோறு எடுக்க முடியவில்லை.