பலகையில் பிடித்த கை

மலேசியாவில், பண்டார் தெங்காராவுக்குப் பக்கத்தில் நாங்கள் வேலை செய்த செம்பனைத் தோட்டத்தில், கால்வாய்மேல் ஒரு பலகை கிடந்தது. ஓர் ஆள் போகும் அகலம்தான். குலைகள் ஏற்றிய தள்ளுவண்டியோடு அதைக் கடக்க வேண்டும். என் அப்பா குடித்திருந்தாலும் அதில் நேராக நடப்பார். குடிக்காத நான்தான் ஆடினேன்.

சின்ன வயதிலிருந்தே என் இடது காதில் சீழ் வடியும். இருபது வயதுக்குமேல் தலைசுற்றலும் சேர்ந்துகொண்டது. தலையைத் திருப்பினால் மரங்கள் சற்றுத் தாமதமாகத் திரும்பும். கால் இடப்பக்கம் இழுக்கும். ஒருநாள் பலகையில் வண்டி கவிழ்ந்து குலைகள் தண்ணீரில் விழுந்தன. அப்பா பாய்ந்து வந்து அந்தக் காதிலேயே அறைந்தார். "காலையிலயே மாபோக்காடா? வீட்டுக்கு ஒரு குடிகாரன் போதும்டா!" என்று கத்தினார். கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். விழுந்த பிறகும் உதைத்தார். காதிலிருந்து வழிந்த ரத்தத்தில் சட்டைக் காலர் ஊறியது.

ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்தது. காதுக்குப் பின்னால் வெட்டி, கிழிந்த சவ்வில் ஒட்டுப் போட்டார்கள். "யாராச்சும் அடிச்சாங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். "மோட்டர் சைக்கிள்லேருந்து விழுந்துட்டான் டாக்டர்," என்று அப்பா முந்திக்கொண்டார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். ஆட்டியதில் அறையே சுழன்று வாந்தி எடுத்தேன். "இன்னொரு அடி பட்டாலோ தண்ணி போனாலோ ஒட்டு பிஞ்சிடும். அப்புறம் இந்தக் காது அவ்வளவுதான்," என்றார் டாக்டரம்மா, அப்பாவைப் பார்த்தபடி.

ஆபரேஷன் செய்தால் ஆட்டம் நின்றுவிடும் என்று நம்பியிருந்தேன். முதலில் அது கூடத்தான் செய்தது. சுவரைத் தொட்டுத் தொட்டுத்தான் வீட்டுக்குள் நடந்தேன். ஒரு மாதத்திலேயே அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "படுத்தே கெடந்தா சோறு யாரு போடறது? நேரா நடந்து காட்டுடா!" என்று என்னைக் கால்வாய்க்கு இழுத்துப் போனார். பலகையில் எனக்கு முன்னால் போனவர், நான் தள்ளாடுவதைத் திரும்பிப் பார்த்ததும் கையை ஓங்கினார். கீழே தண்ணீர். எதையாவது பிடித்தாக வேண்டும். ஓங்கிய அந்தக் கையையே இரண்டு கையாலும் பற்றினேன்.

இருவரும் தண்ணீருக்குள் போகாமல் கரையோரமாக விழுந்தோம். என் உடம்புக்கு அடியில் அவர் மணிக்கட்டு முறிந்தது. பனைமட்டை ஒடிவதுபோன்ற அந்தச் சத்தம் என் நல்ல காதில் கேட்டது. நான் முதலில் இடது காதைத்தான் தடவிப் பார்த்தேன். அதில் அடைத்திருந்த பஞ்சு நனையவில்லை. அப்பா கரைச்சேற்றில் கிடந்தபடி என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் பயத்தை அன்றுதான் கண்டேன்.

"டேய்... என்னைக் கொல்லப் பாத்தியாடா?"

இல்லைப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அந்தப் பயம் போய் மறுபடி அடிப்பார் என்று தோன்றியது. மூடிக்கொண்டேன்.

அதன்பின் அவர் என்னைத் தொடவில்லை. "அப்பனையே காவாயில தள்ளுனவன்லா இவன்," என்று தோட்டத்தில் எனக்கு வழிவிட்டார்கள். நாலு பேர் பார்த்தாலே கூசுகிற எனக்கு அந்த மரியாதை அடியைவிடப் பாரமாக இருந்தது. ஒட்டு பிடித்துக்கொண்டது. ஆட்டமும் மெல்லக் குறைந்தது. இருட்டில் மட்டும் இன்றும் கால் இடப்பக்கம் போகும். அப்பாவின் மணிக்கட்டு கோணலாகவே கூடியது. சாகும்வரை, நான் எதிரே வந்தால் அந்தக் கையை மடிக்குள் இழுத்துக்கொள்வார்.

இப்போது அந்த இடத்தில் சிமெண்டுப் பாலம் இருக்கிறது. அண்மையில் போயிருந்தபோது அதன் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டே கடந்தேன். அன்று எனக்குப் பிடிக்க அவர் கை ஒன்றுதான் இருந்தது.