வெறும் தாள்

அலுவலகத்தில் அவருக்கு 'ஸ்கேல்' என்று பெயர். வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுத் தருகிற வேலை. போகிற இடத்தில் காலண்டர் கோணலாகத் தொங்கினால்கூட நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். அப்பேர்ப்பட்ட மனுஷன், போன மாதம் ஒரு படத்தில் மாடிப்படி போட்டுவிட்டு மேலே கதவு வைக்காமல் விட்டார். "ஸ்கேலுக்கு வயசாயிடுச்சுப்பா" என்று எல்லோரும் சிரித்தார்கள். அவர் வீட்டுக்கு வந்து பல்பைத் திட்டினார். மாற்றி மாற்றிப் போட்டும் ஒரு பல்பும் உருப்படவில்லை. கண் டாக்டர் என்று மனைவி வாயெடுத்தால் போதும், எரிந்து விழுவார். கண்ணில் கோளாறு என்று தெரிந்துவிட்டால் வேலை போய்விடுமே! அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. அதனால் அவளும் சேர்ந்து பல்பைத் திட்டினாள்.

அருங்காட்சியகத்துக்குப் ஐரோப்பாவின் பழைய கோதிக் பாணித் தேவாலயங்களின் வரைபடங்கள் வந்திருக்கின்றன என்று கேள்விப்பட்டதும் சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார்.

"கம்ப்யூட்டரா ஒண்ணா? இறகுப் பேனாவ வச்சுக்கிட்டே அவ்வளவு பெரிய கோபுரத்த வரைஞ்சிருக்காங்க. வந்து பாரு!"

மனைவியையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே அறை அரையிருட்டாக இருந்தது. வெளிச்சம் பட்டால் மை மங்கிவிடும் என்றார் காவலாளி. ஸ்கேலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கேட்டியா? இங்கயும் வெளிச்சம்தான் பிரச்சினை!"

முதல் சில படங்களைக் கண்ணாடியில் மூக்கு உரசப் பார்த்தார். தடித்த கோடுகள் தெரிந்தன போலும். "அடேயப்பா, இந்த வளைவப் பாரேன்!" என்றார். கடைசிச் சுவரில் ஆளுயரத்துக்கு, விலங்குத் தோலில் செய்த ஒரு தாள் இருந்தது. அதன் முன்னால் நின்று உச்சுக்கொட்டினார்.

"பாவம், ஒண்ணுமே வரையாம விட்டுட்டான்."

அவள் பார்த்தாள். தாள் முழுக்கக் கோபுரம். மயிரிழைக் கோடுகளில் ஜன்னலுக்குள் ஜன்னல், அதற்குள் கல்லில் பூ.

"ஆமாங்க, வெறும் தாள்தான்" என்றாள்.

அந்த நேரம் பார்த்தா பின்னால் நின்ற பெண்மணி வாயைத் திறக்க வேண்டும்?

"அம்மாடி! துளி இடம் விடாம வரைஞ்சிருக்காங்களே!"

அவர் திரும்பவில்லை. தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை நாளா எனக்காகப் பொய் சொல்ற?" குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளை அழவைத்தது.

"சரி, அழாத. என்ன இருக்குன்னு சொல்லு. அடியிலேர்ந்து சொல்லு."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். பெயர் தெரியாததையெல்லாம் 'இலை மாதிரி', 'சங்கிலி மாதிரி' என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உச்சிக்கு வந்ததும், "அவ்வளவுதாங்க" என்றாள்.

"நல்லா வரைஞ்சிருக்கான்" என்றார். பிறகு அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம். அதுக்கு முன்னாடி ஆபீஸ்ல இன்ஜினியர்கிட்ட சொல்லணும், இனிமே என்னை நம்பி வேலை குடுக்காதீங்கன்னு. நீயும் கூட வா. தனியா சொல்ல எனக்குத் தைரியம் இல்ல."