சஃப்ரின் பாஸான நாள்

காலை எட்டே காலுக்குக் கீழக்கரையில் இராமநாதபுரம் பேருந்தில் ஏறினேன். பதினேழு கிலோமீட்டர் தூரம். பக்கத்து இருக்கையில் ரஹீமா. ஜன்னலோரம் அவர் மகள் சஃப்ரின். வயது இருபத்திரண்டு. புதுச் சுடிதார், கை நிறைய வளையல். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு அடையாள அட்டை வழங்கும் மருத்துவ முகாமுக்குப் போகிறார்கள். நானும் அங்கேதான்; மதுரையில் ஆசிரியர் வேலை, விடுமுறையில் பெற்றோர் சங்கத்துக்கு உதவுகிறேன்.

"அட்டை இருந்தாத்தான் ராம்நாட்டுல இவுகளப் பகல்ல பாத்துக்கிற மையத்துல சேப்பாகளாம்," என்றார் ரஹீமா. "இவ வாப்பா துபாய்ல. எனக்கப்புறம் இவளுக்கு நாலு பேரைத் தெரிஞ்சிருக்கணும்ல?"

பிறகு மகள் பக்கம் திரும்பினார். "கிழமை சொல்லு, கண்ணு."

"திங்கள், செவ்வாய், புதன், வெள்ளி..."

"வியாழனை எங்கடி விட்ட?"

"கீழக்கரைல," என்று சிரித்தாள் சஃப்ரின்.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில். பத்தரை மணிக்கு அழைத்தார்கள். பெயர், ஊர், வாப்பா பெயர், கிழமைகள் எல்லாவற்றையும் சஃப்ரின் தடங்கலின்றிச் சொன்னாள். வியாழன் வரும்போது மட்டும் ரஹீமாவின் உதடு அசைந்தது.

"நல்லாப் பேசுறாங்களே," என்றார் பரிசோதித்த உளவியலாளர்.

ரஹீமாவின் முகம் மலர்ந்தது. ஜெசிந்தா அவரை ஓரமாக இழுத்துப் போனார். தங்கச்சிமடத்துக்காரர், கணவர் கடலுக்குப் போகிறவர். அவருடைய மகனும் இப்படித்தான். பெற்றோர் சங்கத்தின் சார்பில் புதிதாக வருகிறவர்களுக்குத் துணை நிற்கிறார்.

"என்ன லாத்தா, பொண்ணு பாக்கவா வந்திருக்காக? இப்பிடிச் சொல்லிக்குடுத்துக் கூட்டியாந்தா கொறபாட்டுச் சதவீதம் கொறஞ்சுபோகும். மையத்துல எடுக்க மாட்டாக. அவளுக்கு ஏலாததச் சொல்லுங்க."

"மறைச்சு மறைச்சே பழகிட்டேம்மா," என்றார் ரஹீமா. "சொல்றேன். அவ காதுல விழ வேணாம்."

ஜெசிந்தா என்னைப் பார்த்தார். நான் சஃப்ரினை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலைத் தாண்டும்போது பின்னால் ரஹீமாவின் குரல் கேட்டது: "ரோட்டைத் தனியாத் தாண்ட மாட்டா, சார்..."

எதிரே டீக்கடை. சஃப்ரின் இரண்டு பக்கமும் பார்க்காமல் சாலையில் காலை வைத்தாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். டீ பன்னிரண்டு ரூபாய். ஆறிய பிறகும் ஊதிக்கொண்டே இருந்தாள். பெற்ற பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்தை நீட்டிச் சொல்லும் தாய்மார்களை மதுரையில் தினமும் பார்க்கிறேன். இங்கே ஒரு தாய் அதற்கு நேர்மாறானதை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் பாஸா?" என்று கேட்டாள் சஃப்ரின்.

"உம்மா வந்து சொல்வாங்க," என்றேன்.

ரஹீமா வந்தார். கண்கள் சிவந்திருந்தன. பின்னால் வந்த ஜெசிந்தா, "மாத்தி எழுதிட்டாக. மையத்துல சேத்துரலாம்," என்றார்.

"உம்மா, நான் பாஸா?"

மகளின் கையில் ஏறிக்கிடந்த வளையல்களை ரஹீமா மெல்ல இறக்கிவிட்டார். "பாஸுதான்டி."

"ஒங்க உம்மாவும் பாஸு," என்றார் ஜெசிந்தா.

மாலை திரும்பும் வண்டியில், திருப்புல்லாணி தாண்டியதும், யாரும் கேட்காமலே சஃப்ரின் ஆரம்பித்தாள். "திங்கள், செவ்வாய், புதன், வெள்ளி..." நிறுத்திவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

ரஹீமா அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"வியாழன் ஊர்லதான் கெடக்கும். போயி எடுத்துக்குவோம்."