ஏறுவதற்கு முன் ஒரு தள்ளு

பேட்டரி வண்டி பழுது பார்க்கிற வேலையில் வண்டி சொல்வது பாதி, வண்டிக்காரர் சொல்வது பாதி. இரண்டும் ஒத்துப்போன நாளை நான் இன்னும் பார்க்கவில்லை.

நான் சொல்வது, நடக்கச் சிரமப்படுகிறவர்கள் உட்கார்ந்து போகிற சின்ன வண்டி. நான்கு குட்டிச் சக்கரம், ஒரு நாற்காலி, முன்னால் ஒரு கைப்பிடி. கைப்பிடியில் இருக்கும் விசையைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஓடும். விரலை எடுத்தால் தானாக நின்றுவிடும். முப்பத்தோரு வருடம் பனியன் துணி பின்னுகிற மெஷின்களுக்கு ஃபிட்டராக இருந்தேன். மெஷின் ஊசி கண்ணுக்குச் சரியாகத் தெரியாமல் போன பிறகு, ஆறு வருடமாக இந்த வண்டிகள்தான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. இருந்தாலும் எந்த வண்டி எந்தத் தேதியில் எதற்காக வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவிடுவேன். இப்போது என்னிடம் வருவது பதினொரு வண்டிகள். வண்டி வைத்திருப்பவர்களே, அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களே, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

நாற்பத்தோரு அடி

தெய்வானைக்கு ஐம்பத்திரண்டு வயது. சின்ன வயதிலேயே இடது கால் சூம்பிப்போனவர். பூண்டி ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற பீஸில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவது. நாள் முழுக்க உட்கார்ந்து செய்யலாம். உட்காரும் இடம் வரை போய்ச் சேர்வதுதான் பாடு. அதற்காகத்தான் அந்த வண்டி வாங்கினார். வாங்கி ஏழாவது மாதம் என்னிடம் வந்தார். “முக்குது, முனகுது, ஓட மாட்டீங்குதுங்க” என்றார்.

வண்டியைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். பின் அச்சு கண்ணுக்கே தெரியவில்லை. கம்பெனித் தரையில் கிடக்கும் நூலும் கட்டிங் வேஸ்ட்டும் சக்கரத்தில் ஏறி, அச்சைச் சுற்றிக் கயிறு போல இறுகியிருந்தன. நம் திருப்பூர்ச் சாலைகளில் சுற்றுகிற எந்த வண்டிக்கும் இது வரும். கத்தரித்து எடுத்து வரிசையாகப் போட்டேன். பதினேழு துண்டுகள். முடிச்சுப் போட்டு நீட்டினால் நாற்பத்தோரு அடி. மோட்டார் அத்தனை நாளும் தெய்வானையை இழுத்ததைவிட இந்தக் கயிற்றோடு மல்லுக்கட்டியதுதான் அதிகம். சனிக்கிழமைதோறும் சக்கரத்தைப் பார்த்து, நூல் வெட்டுகிற டிரிம்மராலேயே வெட்டிவிடச் சொன்னேன். அவர் தரையில் கிடந்ததை ஒருமுறை பார்த்தார்.

“ஏனுங்கண்ணா, ஒரு டஜன் பீஸ் கொறையுதுன்னு போன வாரம் கம்பெனியே தேடுச்சுங்க; எல்லாம் இங்கதான் கெடக்குதாட்டம் இருக்குது!”

தீபாவளி லீவு

தீபாவளிக்குக் கம்பெனிகள் மொத்தமாக லீவு விட்டால் திருப்பூரே காலியாகும். தெய்வானை குண்டடம் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பன்னிரண்டு நாள் போனார். திரும்பி வந்து சாவியைத் திருகினால் விளக்குகூட எரியவில்லை. கடைசி நாள் வேலை முடிந்து வந்த வண்டி, பேட்டரி அடிமட்டத்தில் இருந்தது. அதை அப்படியே ஓரமாக விட்டுவிட்டு, சார்ஜரையும் பிடுங்கிச் சுருட்டி பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இந்தப் பேட்டரி பட்டினி தாங்காது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் நிறைத்து வைக்க வேண்டும். எட்டு மணி நேரம் சார்ஜ் ஏற வேண்டுமென்றால் எட்டு மணி நேரம். இரண்டு மணி நேரத்தில் பிடுங்கிப் பிடுங்கி ஓட்டினால் ஆயுள் தேயும். நீண்ட நாள் ஊருக்குப் போவதானால் முழுதாக ஏற்றிவிட்டுப் போக வேண்டும். இதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதி வண்டியின் கூடைக்குள் ஒட்டிக் கொடுத்தேன். வண்டிக்குள் இருந்த இரண்டு பேட்டரியில் ஒன்று பிழைத்தது, ஒன்று பிழைக்கவில்லை. அதைக் கேட்டதும் தெய்வானைக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஊருக்குப் போறப்ப எல்லாப் பிளக்கையுந்தானுங்க புடுங்கிட்டுப் போனேன், டிவி சாகுல, மிக்சி சாகுல, இது மட்டும் ஏனுங்க சாகுது?”

ஆமையும் முயலும்

வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகில் எழுத்து இருக்காது. ஒரு பக்கம் ஆமைப் படம், மறுபக்கம் முயல் படம். ஊத்துக்குளியில் ஆறு எருமை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், எழுபத்தாறு வயது, இரண்டு மாதத்தில் மூன்று முறை கவிழ்ந்தார். மூன்றும் ஒரே இடம்: வாய்க்கால் ஓரம், வலது பக்கத் திருப்பம். திருகு முயலிலேயே நின்றது. நேர்ப் பாதையில் முயல் பரவாயில்லை. திருப்பத்தில் சக்கரம் திரும்பும், ஆள் திரும்ப மாட்டார். ஆமைக்கும் முயலுக்கும் நடுவில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டு, திரும்பும்போது இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“அட போப்பா, ஆமையில வெச்சா எருமைகூட என்னையத் திரும்பிப் பாத்துட்டு முந்திப் போகுது!”

நாலு பேர் தூக்கியது

தெய்வானை வண்டியின் பின் மூடி உடைந்து வந்தது. விசாரித்தால், காலையில் பீஸ் கட்டுகள் ஏற்றிய டிராலி செக்கிங் டேபிள் ஓரமாகப் போக வேண்டும். வண்டி வழியில் நிற்கும். அவர் எழுந்து ஓட்டி ஒதுக்கும் வரை டிராலிக்காரர்கள் காத்திருப்பதில்லை. நாலு பேர் சேர்ந்து, பிடி கிடைத்த இடத்தைப் பிடித்து வண்டியைத் தூக்கி ஓரம் வைத்திருக்கிறார்கள். பேட்டரியோடு ஐம்பத்திரண்டு கிலோ. மூடியைப் பிடித்தால் மூடிதான் கையோடு வரும்.

இந்த வண்டிகளில் பின்பக்கம் ஒரு லீவர் உண்டு. அதை மேலே தூக்கினால் மோட்டார் பிடி விட்டுவிடும், குழந்தை வண்டி மாதிரி தள்ளிக்கொண்டு போகலாம். அதை நேரில் காட்டிவிடலாம் என்று கம்பெனிக்குப் போனேன். வண்டி ஒதுக்குவதைப் பார்த்துக்கொள்கிறவர் வாட்ச்மேன் சுடலை, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். செக்கிங்கில் அன்று முப்பத்தெட்டுப் பெண்கள் இருந்தார்கள். முப்பத்தெட்டுப் பேரும் கையில் இருந்த பீஸை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. லீவரில் சிவப்பு டேப் சுற்றினேன். “இந்தச் சிவப்பு லீவரை மேலே தூக்குங்க, அப்புறம் ஒரே ஆள் தள்ளலாமுங்க” என்று ஒன்பது சொல்லில் முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். சுடலை ஒற்றைக் கையால் வண்டியைத் தள்ளிப் பார்த்துச் சிரித்தது வாசல் வரை கேட்டது.

“இம்புட்டுதானா அண்ணாச்சி? இதுக்கா நாலு பேரு மூச்சு முட்டத் தூக்குனோம்!”

சரிவு

நான் லீவரைக் காட்டிவிட்டு வந்த பதினாறாம் நாள் தெய்வானை போன் செய்தார். குரல் சரியில்லை. டீ நேரத்தில் வாசல் பக்கம் போகலாம் என்று வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். டிராலி போவதற்காக அன்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், லோடு இறக்குகிற சரிவின் உச்சியில் விட்டிருந்தார்கள். சாவியைத் திருகுவதற்கு முன்னாலேயே வண்டி இறங்க ஆரம்பித்திருக்கிறது. கட்டைவிரல் எதையும் தொடவில்லை. தானாக நிற்க வேண்டிய வண்டி நிற்கவில்லை. கைப்பிடியை விடாமல் பிடித்துத் திருப்பி, அனுப்புவதற்காக அடுக்கியிருந்த பனியன் கட்டுகளில் போய் மோதியிருக்கிறார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். கட்டு இல்லாமல் சுவராக இருந்திருந்தால் என்று நான் நினைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

கம்பெனி மேனேஜரம்மா அன்றைக்கே சொல்லிவிட்டார்: பிரேக் பிடிக்காத வண்டி கேட்டுக்கு உள்ளே வரக்கூடாது. கேட்டிலிருந்து செக்கிங் டேபிளுக்கு என் நடையில் இருநூற்றுப் பன்னிரண்டு அடி வைக்க வேண்டும், நடுவில் மாடிப்படியைச் சுற்றிக்கொண்டு ஒரு திருப்பம். ஊன்றுகோலோடு தெய்வானையால் அதில் கால்வாசிகூட முடியாது. வண்டி உள்ளே போகாவிட்டால் வேலை இல்லை. நாலு நாளாக வீட்டில் இருந்தார்.

வண்டியை என் ஷெட்டுக்கு வரவழைத்து, வாசல் சரிவில் இருபது முறை இறக்கிப் பார்த்தேன். இருபது முறையும் விரலை எடுத்த இடத்தில் நின்றது. பிரேக்கில் குறையே இல்லை. மோதிய பிறகு வண்டி எப்படி இருந்தது என்று கேட்டேன். “சிவப்பு டேப்பு சுத்துன குச்சி மேல தூக்கீட்டு நின்னுதுங்க, அப்பறம் யாரோ கீழ அமுக்கி உட்டாங்க” என்றார். லீவர் மேலே இருந்தால் மோட்டார் மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் பிரேக்கும் பிடி விட்டுவிடும். தூக்கச் சொன்னது நான். தள்ளி முடிச்சதும் கீழே இறக்கிடுங்க என்று இன்னும் நாலே சொல் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தெய்வானைக்கு அது எதுவும் தெரியாது. அவர் சொன்னது இது:

“உருண்டது வண்டிங்க, நிறுத்தறதுன்னா வண்டிய நிறுத்தட்டும், என்னைய ஏனுங்க நிறுத்தறாங்க?”

மைக்

மறுநாள் வண்டியையும் தெய்வானையையும் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். போகும் வழியிலேயே அவரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மேனேஜரம்மா சரிவு பக்கத்திலேயே நின்று கேட்டார். சுடலை ஓரமாக, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“பிரேக் சரி பண்ணீட்டீங்களா?”

“பிரேக் கெடவே இல்லீங்க.”

“அப்ப யாரு தப்பு? ஓட்டுனவங்களா, வாட்ச்மேனா?”

சுடலை தரையைப் பார்த்தார். ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் எனக்கு வேலை முடிந்தது.

“என்னோட தப்புங்க. தூக்கச் சொன்னேன், இறக்கச் சொல்லல.”

மேனேஜரம்மா நம்பவில்லை. லீவரைக் கீழே இறக்கி, நானே வண்டியில் உட்கார்ந்து சரிவில் இறங்கினேன். பாதியில் விரலை எடுத்தேன், நின்றது. ஏழு முறை செய்தேன். எட்டாவது முறை மேனேஜரம்மா, “இறங்குங்க, நான் பாக்கறேன்” என்று தானே ஏறி, புடவையைச் செருகிக்கொண்டு இறங்கி, பாதியில் விரலை எடுத்தார். நின்றது. இன்னொரு முறை போய்விட்டு வந்தார். அதற்குப் பிறகு விதி போட்டார்: வண்டியைச் சமதரையில் மட்டும் விட வேண்டும், லீவரைத் தொடுவது சுடலை ஒருவர்தான், ஏறுவதற்கு முன் தெய்வானை நாற்காலியைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளிப் பார்க்க வேண்டும், நகர்ந்தால் ஏறக்கூடாது. நாளைக் காலை எட்டரைக்கு வேலைக்கு வரலாம். சரி என்று தலையாட்டினேன். “எனக்குத் தலையாட்டுனா ஆச்சுங்களா? எல்லார்த்துக்கும் தெரியோணும். நீங்களே சொல்லுங்க” என்று ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தச் சொல்லி, மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்.

தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து நூற்றி நாற்பது பேர் இருப்பார்கள். எண்ணி முடிக்கவில்லை, எண்ணினால் வாய் திறக்காது. “தள்றவங்க லீவரைத் தூக்கித் தள்ளுங்க. தள்ளி முடிச்சதும் கீழே இறக்கிடுங்க. ஏறுறதுக்கு முன்னால ஒரு தள்ளு தள்ளிப் பாருங்க. நகர்ந்தா ஏறாதீங்க” என்றேன். என் குரல் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. யாருடைய குரலோ போல இருந்தது. பின்வரிசையில் யாரோ “இன்னொருக்கா சொல்லுங்கய்யா” என்றார்கள். இன்னொருமுறை சொன்னேன். மைக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் தெய்வானை வண்டிக்குப் பின்னால் ஊன்றுகோலோடு நின்று, நாற்காலியை ஒரு தள்ளு தள்ளினார். அசையவில்லை. ஏறி உட்கார்ந்து, காலையிலிருந்து முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

“நாலு சொல்லு மிச்சம் புடிச்சீங்க, நாலு நாளு ஊட்டுல உக்காந்தனுங்க, இனி நீங்க வாய மூடுனா நானே மைக்கக் கொண்டாந்து குடுப்பனுங்கண்ணா.”

ஆறு வருடத்தில் நான் கெடுத்த வண்டி ஒன்றே ஒன்றுதான். அதையும் கை வைத்துக் கெடுக்கவில்லை, வாயை மூடிக்கொண்டு கெடுத்தேன்.