செங்கால் கன்றுகளும் வெள்ளையம்மாவும்

வெள்ளையம்மா பேச்சை எடுத்தாலே, அந்தக் கிராணி ஐயாத்துரையின் கழுத்தைப் பிடிக்க எனக்குக் கை பரபரக்கும்.

மலாயாவில், ரெங்கம் ரப்பர் தோட்டத்தில் புல் வெட்டிக் காலம் தள்ளியவள் அவள். அங்கே மரத்தடியில் ஒரு புல் தெரிந்தாலும் கங்காணியின் பிரம்பு பேசும். மண்ணை மொட்டையாகச் சுரண்டி வைக்க வேண்டும். முப்பத்தொன்றில் ரப்பர் விலை விழுந்ததும் தோட்டத்தார் ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றினார்கள். புருஷன் ஐயாசாமியோ காய்ச்சலில் கிடந்தான். கப்பலில் ஏற்றினால் செத்துப்போவான் என்று பயந்து, குளுவாங் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரை நடத்திய மரத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். தங்க ஓர் அறையும் கொடுத்தார்கள்.

காட்டு வன்மரங்களை வகைவகையாக வைத்துக் காக்கும் தோட்டம் அது. பல வருடம் கழித்து அப்போதுதான் செங்கால் என்ற அருமையான வன்மரம் காய்த்து, சருகுக்குள் கன்றுகள் முளைத்திருந்தன. துரை சிங்கப்பூர் போயிருந்த சமயம்.

"நாளைக்குத் துரை வாறார். ரப்பர் தோட்டம் மாதிரித் துப்புரவா இருக்கோணும். ஒரு பச்சையும் தெரியக்கூடாது," என்றான் அங்கே இங்கிலீஷில் கணக்கெழுதும் கிராணி ஐயாத்துரை.

அவளும் மண்வெட்டியால் எல்லாவற்றையும் வழித்துப் போட்டாள். அவை செங்கால் கன்றுகள் என்று அவளுக்கு யார் சொன்னது?

மறுநாள் துரை வந்து பார்த்துக் கத்தினான். கிராணி இங்கிலீஷில் குழைந்து ஏதோ சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினான். "தொடவேண்டாம் எண்டு எத்தனை தரம் சொன்னனான்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான், பாவி!

"நீங்கதானே ஒரு பச்சை தெரியக்கூடாதுன்னீங்க? வாய் கூசல?"

இதையெல்லாம் அவன் மொழிபெயர்த்துச் சொல்வானா? ஆனால் வெள்ளையம்மாவுக்குக் கடைத்தெரு மலாய் தெரியும். துரைக்கும் தெரியும்.

"துவான்! கிராணி சுரோ! கிராணி சுரோ!" கிராணி சொல்லித்தான் செய்தேன் என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

துரைக்குப் புரிந்துவிட்டது. கேட்டான். கிராணி தலையைக் குனிந்து ஒப்புக்கொண்டான். அப்பாடா, தப்பித்தாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இங்கிலீஷ் எழுத அந்தத் தோட்டத்தில் வேறு ஆள் இல்லை. புல் வெட்டவோ ஆயிரம் பேர் வாசலில் நின்ற காலம். மத்தியானத்துக்குள் அவள் அறையைக் காலி செய்ய வேண்டுமாம். அதைத் தமிழில் அவளிடம் சொன்னவனும் அதே கிராணிதான். என்ன அநியாயம் இது!

ஐயாசாமியைத் தோளில் தாங்கி ஸ்டேஷனுக்கு நடத்திப் போனாள்.

"எங்கடி போறோம்?"

"ஊருக்குத்தான்யா."

"ஊருக்கா!" என்று அந்த மனுஷன் சிரித்தான்.

நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கியபோது வெள்ளையம்மா தனியாக இருந்தாள்.